சாப்பாட்டுக்குக் கழித்தது போக

ஒரு நாளைக்கு எழுபத்தைந்து யூரோ.
பத்தொன்பது நாள்.
பெருக்கிப் பார்க்கக் கருவி வேண்டாம் எனக்கு,
பிரேமர்ஹாஃபன் மீன்துறைமுகத்தில்
பெட்டி எண்ணிப் பிழைப்பவள் நான்:
ஆயிரத்து நானூற்று இருபத்தைந்து.

இழந்த சம்பளம் தனி.
"ஆனால்," என்றார் வக்கீல் ஓஸ்டர்லோ,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி,
"அதில் சாப்பாட்டுக் காசைக் கழித்துக்கொள்வார்கள்.
உள்ளே இருந்த நாளில்
வீட்டில் நீங்கள் சாப்பிடவில்லை, அல்லவா?"

சாப்பிடவில்லைதான்.
கறுப்பு ரொட்டி, மார்கரின்,
ஞாயிற்றுக்கிழமை ஒரு அவித்த முட்டை.
முட்டையை நான் தொடவேயில்லை.
அதற்கும் கழிப்பார்களா என்று கேட்க
வெட்கமாக இருந்தது.

கேமராவில் தெரிந்தது மஞ்சள் மழைச்சட்டை.
இந்த ஊரில் மழை பெய்தால்
பாதிப் பேர் மஞ்சள்.
குளிர்கிடங்கு எரிந்த இரவு
பெய்துகொண்டுதான் இருந்தது.

இருபதாம் நாள் கண்டுபிடித்தார்கள்:
கம்ப்ரஸருக்குப் போன கம்பி
எலி கடித்தோ, வயதாகியோ.
கதவைத் திறந்துவிட்டார்கள்.
வழக்கைக் கைவிடுவதாகக் கடிதம், ஒன்றரைப் பக்கம்.
"மன்னிக்கவும்" எங்கே என்று
பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

கைதானபோது முதல் பக்கத்தில்,
கெசீனே ஹா. என்று, பாதிப் பெயரோடு.
விடுதலையானபோது பன்னிரண்டாம் பக்கத்தில்,
மெத்தைத் தள்ளுபடிக்குக் கீழே, நாலு வரி.
படிக்கட்டில் ஃப்ரௌ புஷ்மான்
யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்:
நெருப்பில்லாமல் புகையுமா?
நெருப்பு இருந்தது, ஃப்ரௌ புஷ்மான்.
நான்தான் அங்கே இல்லை.

அதிகாரி மேல் வழக்குப் போடலாமா?
போடலாம், என்றார் ஓஸ்டர்லோ.
அன்றைக்கு அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தான்
நீதிபதி பார்ப்பார்.
அன்றைக்குத் தெரிந்தது மஞ்சள்.
தோற்றால் அவர்கள் செலவும் நம் தலையில்.
இழப்பீட்டுக்கு மட்டும் தேதியைத் தவறவிடாதீர்கள்:
விண்ணப்பத்துக்கு ஒரு மாதம்,
கணக்குக் காட்ட ஆறு மாதம்.
பத்தொன்பது நாளுக்குக் கெடு வைக்காதவர்கள்
இதற்கு வைத்திருந்தார்கள்.

கைரேகையை அழித்துவிடுங்கள் என்று எழுதினோம்.
பதில் வந்தது:
மிச்சச் சந்தேகம் இருப்பதால்
இப்போதைக்கு வைத்துக்கொள்கிறோம்.
மிச்சச் சந்தேகம்!
மிஞ்சிய சூப்பை மறுநாள் சுடவைக்கலாம்.
இதை எந்த அடுப்பில் ஏற்ற?
எதிர்த்து எழுதியிருக்கிறோம்.
என் பத்து விரலும் இன்னமும் அங்கே,
ஒரு இழுப்பறையில், என்னைத் தொடாமல்.

பல்லைப் பற்றிச் சொல்லவில்லையே.

நான் உள்ளே இருந்த வாரம்தான்
ட்யார்க்குக்கு முன்பல் விழுந்தது.
ஒன்பது வயதுக்குத் தாமதம்தான்; வேர் பிடிவாதம், என்னைப் போல.
எனக்குக் காட்டவென்று
தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தான்.
இரண்டாம் முறை சோதனைக்கு வந்தவர்களுக்கு
தீ வைத்தவள் வீட்டில் தீப்பெட்டி போதாதா?
பையிலிட்டு, ஒட்டி, எண் போட்டார்கள்.
முப்பத்தொன்று.

படிவத்தில் கேட்டிருந்தது:
இழந்த பொருள். மதிப்பு.
அடுக்களையிலிருந்து கத்தினேன்,
"ஒரு பல்லுக்கு எவ்வளவுடா?"
"இரண்டு யூரோ. ஆனால்
தலையணைக்கடியில் வைத்தால்தான்."
2.00 என்று எழுதினேன்.
ஓஸ்டர்லோ அதை அடிக்கவில்லை.

பிப்ரவரியில் பணம் வந்தது.
சம்பளத்தில் சாப்பாட்டுக்குக் கழித்தது போக,
காசு வரைக்கும் துல்லியமாக.
கீழே ஒரு குறிப்பு:
எண் 31 திருப்பி அனுப்பப்படுவதால்
அதற்கு இழப்பீடு இல்லை.

மறுநாள் தடித்த உறை.
தீக்குச்சிகளைக்கூட எண்ணி அனுப்பியிருந்தார்கள்.
ட்யார்க் பல்லை எடுத்து
கண்ணாடி முன் நின்று
இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தான்.

அங்கே வேறொன்று முளைத்திருந்தது,
கொஞ்சம் கோணலாக.