துண்டுக்கு அடியில்

நாங்களும் தமிழ், காவல்காரனும் தமிழ்.
அதுதான் முதல் தொல்லை.
ஒல்லாந்தன் மட்டும் காவல் நின்றிருந்தால்
அகழிக்குள் நின்று உரக்கவே பேசியிருப்போம்
அமாவாசைக்குப் போகலாம் என்று,
கல் தூக்கும் மூச்சோடு மூச்சாக.
அவன் மதில்மேல், குடைக்குக் கீழே.
சேற்றில் எங்கள் பக்கத்தில் நிற்பவன்
பாசையூர் வினாசி.
வாய் திறந்தால் சிரிப்பான்:
"உங்கடை தமிழிலை வெத்திலை மணக்குது."
வெற்றிலையைக் கண்டு
இரண்டு வருஷம் ஆகிறது எங்களுக்கு.

ஆகவே மூக்காண்டியின் விரல்கள்.
மன்னார்குடிச் சந்தையில் மாட்டுத் தரகன் அவன்.
துண்டுக்கு அடியில் கைகோத்து விலை பேசியவன்.
ஒரு விரல் பிடித்தால் ஒன்று,
உள்ளங்கையை அழுத்தினால் ஐந்து,
நகத்தால் கீறினால் பாதி.
பஞ்சத்தில் மாடுகள் தீர்ந்தபின்
நாகப்பட்டினத் துறையில்
என்னையும் அப்படித்தான் விற்றார்கள்.
துண்டுக்குள் ஓடிய எண் எனக்குத் தெரியாது.
விற்றவன் முகம் தெரிந்தது:
இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமோ
என்கிற முகம்.

முருகைக்கல் கடகத்தை இருவர் தூக்குவோம்.
அடியில் கை கையைத் தொடும்.
நான்கு என்றால் அமாவாசைக்கு நான்கு நாள்.
பதினொன்று என்றால் வருகிறவர்கள்.
பிறகு பத்து,
காத்தானுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது.
மறுபடி பதினொன்று,
காளவாயில் கண் வெந்துபோன செம்பாயி
என் மணிக்கட்டைப் பிடித்தவள்
விடவே இல்லை.
அதற்கு எந்த எண்ணும் கிடையாது.
ஒரு விரலைக் கூட்டிக்கொண்டோம்.

ஆனையிறவில் காவல் கொட்டில்.
யானைக்குத்தான் அந்த வழி.
எங்களுக்குப் பரவைக்கடல்,
இடுப்பளவு நீர், களங்கண்ணிக் கம்புகள்.
இருட்டில் தடவித் தடவி
பன்னிரண்டாம் கம்பில் தெற்கே திரும்பினால்
பூநகரிக் கரை, அப்பால் வன்னிக் காடு.
காட்டுக்குள் என்ன என்று
எவனும் எவளும் விரல் நீட்டவில்லை.

முந்தாநாள் செம்பாயி வழுக்கி விழுந்தாள்.
கடகத்தின் மறுமுனையை
வினாசி வந்து பிடித்தான்.
நாலு எட்டு நடந்திருப்போம்.
அடியில் என் உள்ளங்கை அழுந்தியது.
பிறகு இரண்டு விரல்.
ஏழு.
நான் கல்லைப் பார்த்தேன்.
மறுபடியும் உள்ளங்கை, இரண்டு விரல்,
பிறகு என் கையைத் தெற்குப் பக்கமாக ஓர் இழுப்பு.
"கெதியா நட," என்று அதட்டினான்,
மதில்மேல் இருப்பவனுக்குக் கேட்க.

மீன் ஏலத்திலும் இதே விரல்கள்தாம்.
அப்போதுதான் உறைத்தது.
இத்தனை நாளும் எங்கள் கைகளை
அவன் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான்,
நான்கை, பதினொன்றை, பத்தை, மறுபடி பதினொன்றை.
அந்தக் கம்புகளை ஊன்றியது அவன் அப்பனாக இருக்கலாம்.
ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
ஆளை விழுங்கும் மடு இருக்கலாம்.
ஏழில் திரும்பினால்
துவக்கோடு தோணி இருக்கலாம்.

அவன் கை நடுங்கியது.
இரவு மூக்காண்டியிடம் கேட்டேன்,
யார் கை என்று சொல்லாமல்:
விலை பேசும்போது எவன் கை நடுங்கும்?
"பொய் சொல்றவன் கை நடுங்காது, தாயி.
பழகிப்போயிருக்கும்.
ஆனா மொதமொத பொய் சொல்றவனுக்கு
நடுங்கத்தான் செய்யும்."
திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
இப்போது தண்ணீர் தொப்புளைத் தொடுகிறது.
நான்தான் முன்னே.
என் முந்தானையைப் பிடித்தபடி செம்பாயி,
அவளைப் பிடித்தபடி மற்றவர்கள்.
கோட்டையில் ஒரு நாய் குரைத்து
தனக்கே சலித்து நிறுத்துகிறது.
கம்பில் சிப்பி ஒட்டியிருக்கிறது, கை கிழிகிறது.
ஐந்து.
பின்னாலிருந்து ஒருவர் விரலும்
எதுவும் கேட்கவில்லை.
ஆறு.