அரை மாத்திரை

லோயர் கேம்ப்புக்கு மேலே, மூன்றாவது வளைவில் ஜீப் புரண்டது.
எட்டுப் பேர் வண்டியில் பதினாலு பேர்.
எனக்கு இடுப்பெலும்பு.
பத்து நாளைக்கு என்று டாக்டர் எழுதினார்.
பத்து நாள் முடிந்ததை
யாரும் என் உடம்பிடம் சொல்லவில்லை.

கம்பத்தில் இரண்டு கடை, குமுளியில் ஒன்று.
ஒரே சீட்டுக்கு மூன்று நகல்.
ஜெராக்ஸ் மங்க மங்க
தேதி தெரியாமல் போனது வசதி.
இந்தப் பக்கம் ‘வலி’ என்று கேட்பேன்
அந்தப் பக்கம் ‘வேதனை’ என்று.
மலையாளத்தில் வேதனை என்றால் வலிதான்.
எனக்கு இரண்டும் வேறு.
இரண்டுக்கும் ஒரே அட்டையில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஏலக்காய் தரம் பிரிக்கும் மேசையில்
வேறு யாருடைய கையோ போல என் கை ஓடியது.
சூப்பர்வைசர் பாராட்டினான்.
எட்டு, பத்து, ஒருநாள் பன்னிரண்டு.
தோடு அடகுக்குப் போனபோது
காது கூட வலிக்கவில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா திட்டவில்லை.
அதற்குத்தான் அழுதேன்.
ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்று
வாரக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.
அட்டை உங்கள் கையில் இருக்கக் கூடாது,
வேறு யாராவது வைத்திருக்கட்டும்.
வேறு யார்?
வீட்டுக்காரர் திருப்பூரில்.
ஏழாம் வகுப்பு தர்ஷிகா
காம்பஸ் டப்பாவில், பாகைமானிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.
பாக்குவெட்டியால் அவளே நறுக்குவாள்
நாக்கைக் கடித்துக்கொண்டு.

குறைத்த மூன்றாம் நாள் கொட்டாவி.
தூக்கமே இல்லாத கொட்டாவி.
மூக்கு ஒழுகியது. கையெல்லாம்
உரித்த கோழியின் தோல்.
போர்த்தினால் வேர்வை, விலக்கினால் குளிர்.
ராத்திரி பூரா கால்கள்
இல்லாத சைக்கிளை மிதித்தன.
மலையிலிருந்து கரண்டுக்கு இறங்கும் அந்த நாலு குழாயும்
என் முட்டிக்குள் இரைந்தன.
கக்கூஸுக்கும் பாய்க்கும் நடுவில்
ஒரு சொம்பு உப்புச் சர்க்கரைத் தண்ணீர்.

பக்கத்தில் அவள் பரீட்சைக்குப் படித்தாள், சத்தமாக.
நெடிலுக்கு மாத்திரை இரண்டு.
குறிலுக்கு மாத்திரை ஒன்று.
மெய்க்கு மாத்திரை அரை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
அவள் பயந்து புத்தகத்தை மூடினாள்.
“கால் இருக்கா பாரு.”
“இருக்கும்மா. மகரக்குறுக்கம்.”
“அதுக்கும் கீழ?”
பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

பதினோராம் நாள் பள்ளிக்கூட வாசலில் நின்றேன்,
தலை சீவாமல்.
கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்தாள்.
எதற்கு வந்தேன் என்று என் மூக்கைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.
வாட்ச்மேன், “என்ன விஷயம்மா?”
“டப்பா மறந்துட்டேண்ணே, அம்மா குடுத்துட்டுப் போக வந்தாங்க”
என்று முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்ததை
முன்னால் எடுத்துக் காட்டினாள்.
என்னை ஒரு பொய்யால் போர்த்திவிட்டுத்
திரும்பி நடந்தாள்.
டப்பா கிலுகிலுத்தது, வராந்தா முடியும் வரை.

அன்று சாயங்காலமே குமுளிக்குப் போனேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.
பஸ் எல்லையோடு நின்றது. நடந்தேன்.
கடை பூட்டு. எல்லாக் கடையும் பூட்டு.
ஹர்த்தாலாம்.
எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.
மன உறுதி என்று டாக்டரம்மா எழுதிக்கொண்ட இடத்தில்
அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டு, ஒன்று, அரை, கால்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
டப்பாவில் பாகைமானி மட்டும் இருந்தது.
அன்றும் தூங்கவில்லை. அடுத்த வாரமும் சரியாக இல்லை.

தை பிறந்து மறுபடி மேசைக்குப் போகிறேன்.
மெதுவான கை. சூப்பர்வைசர் முறைக்கிறான்.
இத்தனை வருடம் தூக்குச்சட்டிக்கு அடியில் அட்டை வைத்துக் கடந்தபோது
ஒருவரும் சோதித்ததில்லை.
நேற்று செக்போஸ்ட்டில் எல்லாரையும் இறக்கினார்கள்,
ஏலக்காய்த் திருட்டாம்.
காலை ஊன்றியதும் இடுப்பு சுருக்கென்றது.
கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.
தூக்கைத் திறந்து பார்த்த போலீஸ்காரர்
முகத்தைப் பார்த்துக் கேட்டார்,
“வேதனையுண்டோ?”

“இல்ல சார்” என்றேன்.
“வலி மட்டுந்தான்.”
அவருக்குப் புரியவில்லை. கையை ஆட்டிப் போகச் சொன்னார்.
பக்கவாட்டில் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக
ஜீப்பில் ஏறினேன்.