வரிசை முடியட்டும்

தக்கலையில் ரப்பர் ஷீட் கடைக்கு மேலே
செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு
ஒரு சீலிங் ஃபேனைப் பங்குபோட்டுக்கொண்டு
ஐந்து பேர் கம்பளி பின்னுகிறோம்.

இந்த ஜில்லாவில் குளிர் என்று வருவது
மார்கழியில் நாலு நாள்.
அதற்கும் ஒரு துவர்த்தை எடுத்துக்
காதைச் சுற்றினால் தீர்ந்தது.
கீழே கடைக்காரர் கேட்கத்தான் செய்கிறார்:
"ஆருக்குப் பிள்ளே இந்தச் சுவெட்டரு, இந்த வேக்காட்டுல?"

ஓமனாவுக்கு எட்மண்டனில் ஒரு மகன்.
ரெக்ஸ்லின் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் நர்ஸ்,
எடை குறைந்து பிறக்கும் தலைகளுக்குச்
சாத்துக்குடி அளவில் தொப்பி பின்னுகிறாள்.
ஹாஜிராவுக்கு, உள்ளதைச் சொன்னால்,
பச்சை பிடிக்கும். அவ்வளவுதான்.
நான் தபாலாபீசில் எண்ணித் தேய்ந்த விரல்களோடு
இரண்டு வருடமாக ஒரே துண்டைப் பின்னுகிறேன்.
மஃப்ளரும் இல்லை, மேசைவிரிப்பும் இல்லை,
நீளம் மட்டும் கூடுகிறது.

யாரும் எழுதிவைக்காத ஒரு சட்டம் எங்களுக்கு:
கண்ணி எண்ணுகிறவளைக் கூப்பிடக்கூடாது.
அதனால் இங்கே எந்தப் பேச்சுக்கும்
பதில் ஒரு வரிசை பிந்தித்தான் வரும்.
மரச்சீனி கிலோ என்ன விலை என்று கேட்டால்
கேட்டவள் மறந்த பிறகு
முப்பத்தெட்டு என்று வரும்.
அது விலையா கண்ணியா என்று
மறுபடி கேட்க வேண்டும்.

அந்தச் செவ்வாய் மழைக்கோள்.
காயாத ஷீட்டின் புளித்த வாடை படியேறி வந்தது.
சகாய ஷீபா ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"வாற திங்கக்கெழம கோர்ட்டு.
கையெழுத்துப் போட்டா நானும் அவரும் வேற வேற."

ஒருவரும் நிமிரவில்லை.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
ரெக்ஸ்லினின் உதடு மட்டும் அசைந்தது.
வீட்டில் இதைச் சொன்னபோது
அவள் வாய் மூடுமுன்னே
அம்மா அழுதிருக்கிறாள், அண்ணன் சாடியிருக்கிறான்,
பங்குச்சாமி இன்னொரு தடவை யோசி என்றிருக்கிறார்.
இங்கே ஐந்து ஜோடி ஊசிகளும்
கடைசிக் கண்ணிவரை போய்ச் சேர்ந்தன.
என் வாழ்க்கையில் இத்தனை மெதுவாக
நான் ஒரு வரிசை பின்னியதில்லை.

பிறகு ஓமனா பின்னலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"எத்தன மணி பஸ்ஸுக்கு?"

அவ்வளவுதான் பேசினோம்.
இல்லை, ஹாஜிரா ரசவடைப் பொட்டலத்தை
ஷீபா பக்கம் தள்ளினாள்.
அதைப் பேச்சில் சேர்க்கலாமா தெரியவில்லை.

திங்கள் எட்டரை பஸ்ஸில் ஐந்து பேரும்.
ரெக்ஸ்லின் கம்பியைப் பிடித்து நின்றபடியே
இரவுப்பணியின் தூக்கத்தைத் தூங்கினாள்.
நான் லீவுக்கு வயிற்றுவலி என்று எழுதியிருந்தேன்.
நாகர்கோவிலில் கோர்ட் வாசலில்
பெண் போலீஸ் எங்கள் பைகளைத் திறந்து
ஊசிகளை ஒன்றொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.
"இத வச்சுக்கிட்டு உள்ள போக முடியாது."
பத்து ஊசியும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் விழுந்தன.
ஹாஜிரா மட்டும் அவசரமாகத்
தன் பச்சையை சேஃப்டி பின்னில் கோர்த்தாள்.
மற்றவர்களுடைய கண்ணிகள் வாய்பிளந்து கிடந்தன.

வெறும் கையோடு உட்காரத் தெரியாது எங்களுக்கு.
பெஞ்சில் ஓமனாவின் பெருவிரல்
காற்றில் நூல் தள்ளிக்கொண்டே இருந்தது.

பெயர் கூப்பிட்டார்கள்.
எழும்பினவள் திரும்பி
"குளிருதுக்கா" என்றாள், சட்டையெல்லாம் வியர்வை.
என் பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.
கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது
பதினோரு கண்ணி நழுவியிருந்தது.
கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது, மட்டமான நூல்.

பஸ்ஸில் ஹாஜிரா கேட்டாள்: "செரியாட்டி?"

ஷீபா ஜன்னல் பக்கம்.
உதடு அசைந்துகொண்டிருந்தது.
பார்வதிபுரம் போயிற்று.
வில்லுக்குறியில் இரண்டு பேர் இறங்கினார்கள்.
யாரும் மறுபடி கேட்கவில்லை.