பதினோரு நாள்

துல்சா நகரில் ஒரு சலவைக்கடை.
மூன்றாம் எண் இயந்திரத்துக்குள்
வெர்லீன் ஹாஸ்கெட்டின் சீருடைகள் இரண்டு
ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கின்றன.
இன்னும் முப்பத்தெட்டு நிமிடம்.
மடியில் மின்கட்டண உறை.
அதன் முதுகில் பென்சிலால்
மூன்று கம்பெனி, மூன்று தொகை:
மாதம் நூற்றுப் பன்னிரண்டு டாலர்
எண்பத்தொன்பது
அறுபத்து நான்கு.

அறுபத்து நான்கைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.
மீன் மலிவாய்க் கிடைத்தால் மூக்கு விழித்துக்கொள்ளுமே,
அப்படி, உடனே நின்றும் போனது.

போனில் இருந்த கெய்லின் என்ற பெண்
வயது கேட்டாள், தெரு கேட்டாள்
மணமானவரா, பிரிந்தவரா என்று கேட்டாள்
கடன் தவணை எப்போதாவது தவறியதா என்றாள்.
கார் ஓட்டுவீர்களா நன்றாக என்று மட்டும்
கேட்கவே இல்லை.

ஒரே துணிக்கு மூன்று கடையில் மூன்று விலை
என்றுதான் நினைத்திருந்தாள்.
விரித்துப் பார்த்தால்
ஒன்று போர்வை, ஒன்று துண்டு,
ஒன்று கைக்குட்டை.

கைக்குட்டை, சட்டம் கேட்கும் அளவு மட்டும்:
நீ இடித்தால் அடுத்தவனின் எலும்புக்கு, அடுத்தவனின் கதவுக்கு.
உன் எலும்பு உன் பாடு.
இதை இரண்டு முறை படித்தாள்.
எந்த ஞாயிற்றுக்கிழமையிலும்
இத்தனை நேராக யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

போர்வையில் மோதலும் உண்டு.
மான் குறுக்கே பாய்ந்தால் அது மோதல் இல்லையாம்;
ஆலங்கட்டியோடும் திருடனோடும் தீயோடும்
மானுக்கு வேறொரு பட்டியல்.
சுவர்தான் மோதல்.
பாவம், நின்ற இடத்தில் நின்ற சுவர்.

அவள் காரோ பழைய ப்யூக்,
கூரை முழுக்க ஆலங்கட்டி போட்ட அம்மைத் தழும்பு.
விற்றால் ஆயிரத்து எழுநூறு.
முதல் ஆயிரம் அவள் கையிலிருந்து போக வேண்டும்.
மிச்சம் எழுநூறைக் காக்க
ஆண்டுக்கு இருநூற்று எழுபத்தாறு.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
அவள் மொழியில் அந்தப் பழமொழி கிடையாது.
பென்சில் இருந்தது. அடித்தாள்.

"இன்னொன்று" என்றாள் கெய்லின்.
"காப்பீடு இல்லாத ஒருவர் உங்களை இடித்தால்?
அது வேண்டாமென்றால் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்."

இயந்திரம் தண்ணீரை வெளியே தள்ளியது.

பதினோராம் தெரு. மூன்று வருடம் முன்பு.
பின்னாலிருந்து இடித்த பிக்கப்பிலிருந்து இறங்கியவனுக்கு
முழங்கை வரை சுவர்ப்பூச்சு.
இன்சூரன்ஸ் எங்கே என்றாள்.
அவன் தன் ஷூவைப் பார்த்தான்.
வண்டியின் முதுகைப் பார்த்தான்.
"ஏணி இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா" என்றான்.
ஆறு வாரம் மணிக்கட்டில் பட்டை.
ஏணியின் விலை என்னவாக இருக்குமென்று
அந்த ஆறு வாரமும் யோசித்திருக்கிறாள், கோபமாக.

யாரிடமும் சொல்லாதது வேறொன்று.
போன மார்ச்சில் வங்கி தவணையைத் திருப்பிவிட்டது.
பதினோரு நாள்
வெறும் காரை ஓட்டிப் போனாள்,
டயாலிசிஸ் நிலையத்துக்கும் வீட்டுக்கும்,
போலீஸ் வண்டி கண்டால் முதுகு நிமிர்த்தி.
ஒன்பதாம் நாள், பள்ளிப் பேருந்தின் பின்னால்
பிரேக் ஒரு கணம் பிந்தியது.
மஞ்சள் நிறம் கண்ணாடி நிறைய வந்து நின்றது.
பின் ஜன்னலில் ஒரு பையன் கையசைத்தான்.
ஒன்றும் ஆகவில்லை.
ஆகியிருந்தால்
அவளும் ஷூவைத்தான் பார்த்திருப்பாள்.
நீட்ட ஓர் ஏணிகூட இல்லை.

"இருக்கீங்களா, மேடம்?"

இருக்கிறேன் என்றாள்.
அது இருக்கட்டும் என்றாள்.
எண்பத்தொன்பது.
அந்தச் சுவர்ப்பூச்சுக்காரனுக்கா
மார்ச் மாதத்து வெர்லீனுக்கா,
யாருக்காகக் கட்டுகிறாள் என்று
உறையில் எழுத இடமில்லை.

தவணை மாதம் எந்தத் தேதி?
சம்பளம் ஐந்தாம் தேதி வரும்.
"ஏழு" என்றாள். பிறகு,
"எட்டாக வைத்துக்கொள்ளேன்,
இடையில் ஞாயிறு வந்தாலும் வரும்."

கதவைத் திறந்தாள்.
சீருடையின் ஒரு கை
இன்னொன்றின் கழுத்தைச் சுற்றியிருந்தது.
பிரித்தெடுக்க
கொஞ்ச நேரம் பிடித்தது.