திராட்சை வாடை

மருத்துவமனைச் சாக்கடை
ம்த்குவாரி ஆற்றில் விழும் இடத்தில்
கயிறு கட்டிய வாளியை இறக்குகிறேன்.
பாலத்தில் தூண்டிலோடு நிற்பவன் கேட்கிறான்:
"அங்கே என்ன கிடைக்கும், லாமாரா?"
மருந்து என்றால் சிரிப்பான்.
"உனக்குக் கிடைக்காதது" என்கிறேன்.

மூன்றாம் மாடி, ஏழாம் அறை.
கக்கேத்தியிலிருந்து வந்த ஜும்பெர்
இடது காலைத் தலையணைமேல் வைத்திருக்கிறார்,
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன
சாமானைப் போல.
டிராக்டர் ஏறிய எலும்பு.
எட்டு மாதம், பதினோரு ஆன்டிபயாட்டிக்.
கடைசியாகக் கொடுத்தது
சிறுநீரகத்தைத் தொட்டது.
கிருமியைத் தொடவில்லை.

கட்டைப் பிரித்தால்
நீலமும் பச்சையுமாய்ச் சீழ்.
அதிலிருந்து எழும், சொன்னால் நம்பமாட்டீர்கள்,
பழுத்த திராட்சையின் வாடை.
"தோட்டம் என்னைத் தேடி வந்துவிட்டது,
அறுவடைக்கு ஆள் இல்லையாம்"
என்கிறார் ஜும்பெர்.
அவர் மனைவி சிரிக்கவில்லை.
சன்னலைத் திறக்கப் போகிறாள்.

கண்ணாடித் தட்டில் அவர் கிருமியைப் பரப்பி
எங்கள் குளிர்பெட்டியின் பேஜ்களைச் சொட்டினேன்.
நாற்பது வகை, நாற்பது சொட்டு.
மறுநாள் காலை
ஒரு புல்கூடச் சாயாத புல்வெளி.
பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள்.
இந்தக் கிருமியின் தோலை அறிந்த கால்
எங்கள் பெட்டியில் இல்லை.

அதனால்தான் வாளி.
கிருமி எங்கே கொழுக்கிறதோ
அங்கேதான் அதைத் தின்பதும் அலையும்.
கலங்கலை வடிகட்டி, சுழற்றி, மறுபடி வடிகட்டி,
எதுவுமே இல்லாதது போல் தெளியும்வரை.
அந்தத் தெளிவில் ஒரு துளி.
இரவு மின்சாரம் இருமுறை போனது.
இன்குபேட்டருக்கு என் கோட்டைப் போர்த்திவிட்டு
குளிரில் உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஒரு துளை.
கடுகளவு.
அதன் வழியே தெருமுனை மரம் தெரிந்தது.
ஒன்று உள்ளே புகுந்து, நூறாய் வெடித்து வெளிவந்து,
நூறும் அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டிய தடம்.
அவ்வளவு சாவைப் பார்த்து
வாய்விட்டுச் சிரித்தேன்.
பக்கத்து அறை ஜுஜுனா எட்டிப் பார்த்தாள்.

ஆம்பூலை உடைத்துக் காயத்தில் ஊற்றும்போது
ஜும்பெர் கேட்டார்:
"இது உயிருள்ளதா?"
"அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை."
"முடியும்வரை என் காலில் இருக்கட்டும்."

பத்து நாள் வேலை செய்தது.
பதினோராம் நாள்
கிருமி தோலை மாற்றிக்கொண்டது.
மறுபடி வாளி, மறுபடி கயிறு.
பாலத்துக்காரன் இம்முறை ஒன்றும் கேட்காமல்
தூண்டிலைச் சற்றுத் தள்ளிப் போட்டான்.

பதிவேட்டில் ஒரு கட்டம்: விளைவு.
காயம் மூடியது என்று எழுதினேன்.
பேஜுக்கு என்ன ஆனது என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.
தின்ன ஏதும் மிஞ்சாத உடம்பில்
அதுவும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தீர்ந்திருக்கும்.
மிச்சம் சிறுநீரோடு இறங்கி,
சாக்கடைக்கு, பிறகு ஆற்றுக்கு.

அக்டோபரில் ஒரு கூடை வந்தது.
சப்பெராவி, கறுப்பு, இன்னும் தோட்டத்துத் தூசியோடு.
சீட்டில் நாலே சொல்:
'ஏணி வேண்டாமென்றார்கள். ஏறினேன்.'

மூடியைத் திறந்தேன்.
வாடை முகத்துக்கு எழுந்தது.
என் கை
தானாகவே கையுறையைத் தேடியது.