நீங்கள் தேடியது: குரல்?

நூலகம், மூன்றாம் மாடி, பதினான்காம் இலக்கக் கணினி.
என்னுடைய டேட்டா காலையில்
காலி வீதி பஸ்சிலேயே முடிந்துபோனது.
கடற்கரை இரும்பு வருடத்துக்கு எத்தனை மைக்ரோன் அரிபடும்
என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கவேணும்.
குறைந்தது ஆறு ஆதாரம்.

முதலில் ஆங்கிலத்தில் கேட்டேன்.
நோர்வேயில் ஒரு துறைமுகம் வந்தது.
பனி மூடிய பாலமொன்றின் ஆணிகள் வந்தன.
நல்ல கட்டுரை ஒன்று
நாலு வரி காட்டிவிட்டுக் கதவைச் சாத்தி
மிச்சத்துக்கு முப்பத்தொன்பது டொலர் என்றது.
அது என் போர்டிங்கில் ஒரு மாத இரவுச் சாப்பாடு.

இமேஷா சிங்களத்தில் தேடித் தந்தாள்:
ஏதோ திணைக்களத்தின் சுற்றறிக்கை,
சரிவாக ஸ்கேன் பண்ணியது,
நடுப்பக்கத்தில் யாருடையதோ பெருவிரல்.
கம்பிவேலிக்கு என்ன நிறம் பூசவேணும் என்பதோடு
அது முடிந்துவிட்டது.

பிறகுதான் தமிழ்.
துரு என்று போட்டால் சென்னையில் பெயின்ட் விற்கிறார்கள்.
எங்கள் வீட்டில் தேங்காயைத்தான் துருவுவோம்,
இரும்புக்குப் பிடிப்பது கறள்.
கறள், கொழும்பு என்று போட்டேன்.
சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி யோசித்தது.
நீங்கள் தேடியது: குரல்?

தொண்டை நோவுக்கு மிளகு.
மேடையில் நடுங்காமல் பேச ஏழு வழி.
கைபேசியில் பேசும் பெண் குரலை ஆண் குரலாக மாற்றும் செயலி.
இமேஷாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.
சிரித்ததில் அவளுக்கு விக்கல் எடுத்தது.

இல்லை, கறள்தான் என்று
எழுத்தெழுத்தாக அழித்துக்கொண்டு போனேன்.
க மட்டும் மிஞ்சியபோது
பெட்டிக்குக் கீழே
எனக்கு முதல் இதே கதிரையில் இருந்தவர்கள் இறங்கி வந்தார்கள்.

கண் துடித்தால் டொக்டரிடம் போகவேணுமா
கட்டுரை முடிவுரை வேறு சொற்களில்
கரண்ட் பில் தவணை முறையில் கட்டலாமா
கனடா எத்தனை மணி இப்போது
கனடா எத்தனை மணி இப்போது
கவிதை பிறந்தநாள் சகோதரி மொழியில் அனுப்ப
கணக்கு விட்டு வேறு பாடம் மாற வீட்டில் சொல்லவேணுமா

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்திருந்தது.
இமேஷா விக்கலுக்குத் தண்ணீர் தேடிப் போய்விட்டாள்.
அ எழுத்தைத் தட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.
எத்தனை பேர் அம்மா என்று தொடங்கியிருப்பார்களோ.

கடைசி வரியில் நின்றேன்.
போன வருடம் நானும் கேட்ட கேள்வி அது.
அப்போது எனக்கு வந்த பதில்
மெல்பேர்னில் ஒரு கல்லூரியின் விளம்பரம்.

ஒருவரும் பார்க்காத நேரம் பார்த்து
அதே சொற்களில் தொடங்கித் தேடல் பெட்டியில் எழுதினேன்:
கணக்கு விட்டு மாறலாம், வீட்டுக் கையெழுத்துத் தேவையில்லை,
பழைய கட்டடம் இரண்டாம் கவுண்டர், செவ்வாய் இரண்டு மணிக்குப் பிறகு,
நீலப் படிவம் கேள், பச்சையைத் தந்தால் வாங்காதே.
என்டர்.

உங்கள் தேடலுக்கு முடிவுகள் எதுவும் இல்லை,
எழுத்துப்பிழை உண்டா பாருங்கள் என்றது.
எட்டு மணிக்கு விமலசேன வந்து
ஒவ்வொரு லைட்டாக அணைத்தார்.

கட்டுரையில் ஐந்து ஆதாரம்தான் தேறியது,
அந்தப் பெருவிரலையும் சேர்த்து.
ஆறாவதாக நூலக ஜன்னல் கம்பி என்று போட்டேன்:
விரலால் தடவியது, மண்ணிறம், உப்பு.
விரிவுரையாளர் சிவப்பில் ஒரு கோடு இழுத்திருந்தார்.

அடுத்த கிழமை
பதினான்கில் வேறொருவன் இருந்தான்.
அவன் எழும்பும்வரை காத்திருந்து
க தட்டினேன்.
என் வரிக்கு மேலே புதிதாக ஒன்று:

கணக்கு விட்டாச்சு. செவ்வாய் கவுண்டர் பூட்டு,
புதன்தான் திறக்கிறது. வாறவைக்குச் சொல்லுங்கோ.