சல்வா ரோடு, எடையில்லாமல்

ராஸ் லஃபானிலிருந்து ஹீலியம் வரவில்லை.
புழுதிக்காற்று. அல்கோர் சாலையை மூடிவிட்டார்களாம்.
குடுவையில் மிச்சம் பதினொரு சென்டிமீட்டர்.
இரவு ஒன்பதுக்கும் தோஹா நாற்பது டிகிரி.
உள்ளே, மைனஸ் இருநூற்று அறுபத்தொன்பதில்,
எள்ளளவு படிகம்:
டான்டலமும் பாஷாணமும்,
அயோடின் ஆவியில் மூன்று வாரம் நான் வளர்த்தது.
ஒரு மூலை உடைந்திருக்கிறது. இடுக்கி நழுவியது, என் தப்பு.

அதற்குள் ஓடுவதற்கு எடை கிடையாது.
எண்பத்தாறு வருடம் காகிதத்தில் மட்டும் இருந்துவிட்டு,
வெட்டவெளியில் யாருக்கும் அகப்படாமல்,
கடைசியில் ஒரு கல்லுக்குள் அகப்பட்டது.
போலித்துகள் என்கிறது பாடநூல்.
அந்த 'போலி'யை எழுதும்போதெல்லாம்
என் பேனா கொஞ்சம் நின்றுவிட்டுப் போகும்.

பதினொன்றரைக்கு ஜெபசிங் வந்தார்,
புருவமெல்லாம் மணல்.
குழாயைப் பொருத்தினோம். வெண்புகை முழங்கால்வரை ஏறியது.
"அதுல என்னதான் மேடம் இருக்கு?"
இல்லாத ஒன்று, என்றேன்.
எலக்ட்ரான்கள் கூட்டமாய் நகர்கையில்
அந்த நகர்வுக்கே ஓர் உடம்பு வந்துவிடுகிறது.
கல்லை உடைத்துத் தேடினால் இருக்காது.
அவர் யோசிக்கக்கூட இல்லை.
"சல்வா ரோட்டு ஜாம்.
வண்டி எல்லாம் முன்னால போகும்,
ஜாம் மட்டும் பின்னால போகும்.
எந்த வண்டியும் ஜாம் இல்ல.
ஆனா நான் லேட்டு."

எட்டு வருடமாக இதற்குப்
பலகை பலகையாய்ச் சமன்பாடு எழுதியிருக்கிறேன்.

இடக்கை, வலக்கை என்று ஆரம்பித்தேன்.
"சங்கு மாதிரியா?" தூத்துக்குடிக்காரர்.
"லட்சத்துல ஒண்ணுதான் வலம்புரி."
இங்கே சரிபாதி.
ஒவ்வொரு வலம்புரிக்கும் ஓர் இடம்புரி.
சேர்ந்தால் இரண்டுமே இல்லாமல் போகும்.
தள்ளியே இருக்கும்வரை
எந்த அழுக்கும் எந்தக் கீறலும் ஒன்றும் செய்யாது.
"தள்ளி இருந்தாத்தான் உண்டு," என்றார்
கையுறையை உருவியபடி.
அவர் மனைவி குவைத்தில் நர்ஸ்.
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டரைக்கு, மின்னோட்டம் போகும் திசைக்கே
காந்தப்புலத்தைத் திருப்பினேன்.
சாதாரண உலோகம் முரண்டு பிடிக்கும்.
இது இறங்கிக் கொடுத்தது.
இடம்புரிகள் வலம்புரிகளாகிக்கொண்டிருந்தன, சத்தமில்லாமல்.
இரண்டு டிகிரி விலக்கினேன், தடை ஏறியது.
சேர்த்தேன், இறங்கியது.
சந்தோஷப்பட அவசரமில்லை.
மின்னோட்டம் ஓர் ஓரமாய் ஒதுங்கி ஓடினாலும் இப்படித்தான் காட்டும்.
அந்த உடைந்த மூலை வேறு.
நாளை இன்னொரு கல்.

ஆறு மணிக்கு சல்வா ரோட்டில்
முன்னால் எங்கோ ஒரு சிவப்பு விளக்கு,
பிறகு அதற்குப் பின்னால் ஒன்று, ஒன்று,
என் முறை.
பிரேக்கில் கால் வைத்தேன், எடுத்தேன்.
என்னைக் கடந்து போயிற்று.
கண்ணாடியில் பார்த்தேன்:
அடுத்த காரில் இருந்தது.